கோர்ஸா, அப்ரண்டிஸா, சொந்த வேலையா, சிபாரிசா? பட்டதாரியைக் கம்பெனிக்காரர் நம்ப எது உதவும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும் எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. அப்பாவின் கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று, மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ்: நான்கு மாத கோர்ஸ், கட்டணம் 45,000 ரூபாய், முடித்ததும் வேலை உறுதி. இன்னொன்று, ஒரு தொழிற்சாலையில், வேலை பார்த்துக்கொண்டே கற்கும் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு வரச் சொல்லும் கடிதம். கோர்ஸ் கட்டணத்துக்கு வீட்டு நகையை அடகு வைப்பதாக ஏற்பாடு.

"எதுல சேத்துவிட்டா சார் நாளைக்கு நாலு கம்பெனிக்காரங்க இவனை மதிப்பாங்க?" என்று அப்பா கேட்டார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதே கேள்வியை வேறு வேறு வடிவத்தில் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருடமாக ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வருடத்துக்கு நூறு பட்டதாரிகளையாவது எதிரில் உட்கார வைத்துப் பேசுகிறேன். கணினித் துறை எனக்கு நேரடியாகத் தெரியாது. என் அக்கா மகன் இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் ஒரு கம்பெனியின் இன்டர்வியூ குழுவில் இருக்கிறான். அந்தப் பக்கத்துச் செய்தி அவன் வழியாக வருகிறது. அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோலை முடிவு செய்துகொள்வோம். நான்கு போதும்.

சரிபார்க்க முடியுமா? நீங்கள் சொல்வது உண்மைதான் என்று எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரிய வேண்டும். ஒரு போன் போட்டுக் கேட்கவோ, ஒரு தாளைப் பார்க்கவோ, இரண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளவோ வழி இருக்க வேண்டும். "கடின உழைப்பாளி", "குழுவாக வேலை செய்யத் தெரிந்தவர்" என்று ரெசுமேயில் எழுதுவதை நான் படிப்பதே இல்லை. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள்.

எவ்வளவு நேரம் பேச முடியும்? என் அனுபவத்தில் இதுதான் பெரிய அளவுகோல். ஒரு விஷயத்தைச் செய்தவர் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். செய்யாதவருக்கு இரண்டாவது நிமிடத்திலேயே பேச்சு தீர்ந்துவிடும்.

மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணத்தோடு கணக்கை நிறுத்தக் கூடாது. பஸ், சாப்பாடு, அறை வாடகை எல்லாம் சேரும். அதற்கும் மேலே, அந்த மாதங்களில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். 45,000 ரூபாய் கோர்ஸ் நான்கு மாதம் நடக்கிறது. அந்த நான்கு மாதம் 12,000 ரூபாய்க்கு ஒரு சின்ன வேலை பார்த்திருக்கலாம் என்றால், கோர்ஸின் உண்மை விலை 93,000 ரூபாய்.

வேலை கிடைக்காவிட்டால் மிச்சம் என்ன? கையில் ஒரு திறமை மிஞ்சுகிறதா, தெரிந்த நாலு பேர் மிஞ்சுகிறார்களா, இல்லை அடகுச் சீட்டு மட்டும் மிஞ்சுகிறதா?

ஆங்கிலப் பேச்சை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஐடி கம்பெனிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்கும் அது கட்டாயம் வேண்டும். தொழிற்சாலை, கணக்கு, ஸ்டோர்ஸ் வேலைகளுக்கு வருபவர் தமிழில் தெளிவாகச் சொன்னாலே எனக்குப் போதும். மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகத்தை ஒப்பித்துவிட்டு, நடுவில் ஒரு வரி மறந்து முகம் வெளிறிப்போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்களை அப்படிப் பயமுறுத்தி அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

## ஒரே பார்வையில்

| | கட்டணக் கோர்ஸ் | அப்ரண்டிஸ் | சொந்தமாகச் செய்த வேலை | சிபாரிசும் வேலைவாய்ப்பு முகாமும் |
|---|---|---|---|---|
| சரிபார்ப்பு | சான்றிதழ் மட்டும் | ஒப்பந்தம், சான்றிதழ், மேற்பார்வையாளர் | கடைக்காரர், செய்த பொருள் | சொன்னவரின் பெயர் |
| பேச்சு | பாடத்திட்டம் அளவுக்கு | நிறைய | மிக நிறைய | பேச எதுவும் தராது |
| பணம் | அதிகம் | உதவித்தொகை வரும் | பஸ் செலவு | பஸ் செலவு |
| காலம் | 3 முதல் 6 மாதம் | பொதுவாக ஓராண்டு | சுமார் 6 வாரம் | சில நாள் |
| மறைந்திருக்கும் செலவு | வட்டி, இழந்த சம்பளம் | வெளியூர் வாடகை, வேலை உறுதியில்லை | சம்பளமில்லை, பாதியில் விடும் ஆபத்து | கடமைப்படுவது |

## கட்டணம் கட்டிப் படிக்கும் கோர்ஸ்

கோர்ஸே வீண் என்று நான் சொல்லவில்லை. பி.காம். முடித்தவருக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக்கல் படித்தவர் டிசைன் வேலைக்குப் போக நினைத்தால் வரைபட மென்பொருளில் கை பழகியிருக்க வேண்டும். இவற்றைக் கல்லூரி சரியாகச் சொல்லித் தராதபோது வெளியே படிப்பது நியாயம்தான்.

ஆனால் சான்றிதழ் என்னிடம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு சம்பவம். இரண்டு வருடத்துக்கு முன் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடினோம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் ஆறு மாதக் கணக்குக் கோர்ஸ் முடித்து, பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழோடு வந்தார். இன்னொரு பெண், கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் எட்டு மாதம் பில் போட்டவர். கோர்ஸ் எதுவும் படிக்கவில்லை. சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி ஆவணத்தைப் பற்றி இருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "இங்கிருந்து திருச்சிக்கு 80,000 ரூபாய் சரக்கு அனுப்புறோம். இ-வே பில் போடணுமா?"

முதலாமவர் உடனே, "50,000-க்கு மேல போனா கட்டாயம் சார்" என்றார். அவருடைய பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பெண் ஒரு நொடி யோசித்து, "தமிழ்நாட்டுக்குள்ளதானே சார்? அப்ப ஒரு லட்சம் வரைக்கும் வேண்டாம். இதே சரக்கு கேரளாவுக்குப் போனா போடணும்" என்றார். அதுதான் சரி. அவரை எடுத்துக்கொண்டோம்.

முதலாமவர் படிக்காதவர் இல்லை. பொது விதியைப் படித்திருந்தார். சரக்கு வண்டியை அனுப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கோர்ஸில் சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். "நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்று எழுதியிருந்தால், ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். பல இடங்களில் அது இன்டர்வியூவுக்கு அனுப்புவதை மட்டும்தான் குறிக்கும். போன பேட்சில் முடித்த இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது பி.எஃப். கணக்கில் பதிவாகிவிடும். பெரிய கம்பெனிகள் ஆள் சேர்ந்த பிறகும் சரிபார்க்கின்றன. பொய் அனுபவம் வெளியே வந்தால் அந்த வேலை மட்டும் போகாது. அடுத்த இடத்திலும் கேள்வி வரும்.

பணம் கட்டுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைத் தீர்த்துவிடுங்கள். 2022 மார்ச் மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் இருக்கின்றன. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். மேற்பார்வையில் எழுதிய தேர்வு, மதிப்பெண்ணும் அச்சாகிவரும் சான்றிதழ் என்பதால் லேமினேட் சான்றிதழைவிட அதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

யாருக்கு இது சரி: நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் வேலையின் பத்து விளம்பரங்களை எடுத்து வையுங்கள். அதில் ஏழெட்டு விளம்பரம் ஒரே மென்பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கிறது, இலவசமாக அதைக் கற்க வழியும் இல்லை, கட்டணம் கையில் இருக்கிறது என்றால் சேருங்கள். கடன் வாங்கித்தான் சேர முடியும் என்றால் அடுத்த இரண்டு வழிகளையும் முதலில் பாருங்கள்.

## அப்ரண்டிஸ் பயிற்சி

இதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்ரண்டிஸ் என்றால் ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1961-இன் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இலேயே பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கும் இடம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 சதவீதம் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 15 சதவீதம் வரை எடுக்கலாம். ஆகவே இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் இடமில்லை. கம்பெனிக்கும் ஆள் தேவை.

2019-இல் திருத்திய விதி, பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது; இப்போதைய தொகையைச் சேரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். நாட்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ஒப்பந்தமும் அதன் வழியாகப் போட்டால், அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் அரசுச் சான்றிதழ் வரும். இதைக் கவனிக்கும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் போன்ற இடங்களிலும் அவ்வப்போது பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது கவனியுங்கள்.

எனக்கு இந்த வழி ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன். டிப்ளமோ, பி.இ. முடித்து வருபவர்களிடம் நான் ரப்பர் புஷ் என்கிற சின்னக் குழல் வடிவ உதிரிபாகம் ஒன்றையும் வெர்னியர் காலிப்பரையும் கொடுத்து, "வெளி விட்டம் எவ்வளவு, அளந்து சொல்லுங்க" என்பேன். பெரும்பாலானவர்கள் காலிப்பரை இறுக்கிப் பிடித்து, புள்ளி வைத்து ஒரு எண் சொல்வார்கள். போன வருடம் வந்த ஒரு தம்பி, லேசாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். "சார், ரப்பரை இதுல அமுக்கினா அளவு கம்மியாத்தான் காட்டும். நான் இருந்த இடத்துல, தொடாம நிழலைப் பெருசாக்கிக் காட்டுற புரொஜெக்டர்ல வச்சுதான் பார்ப்போம்" என்றான். வேறு ஒரு கம்பெனியில் ஓராண்டு அப்ரண்டிஸ் இருந்தவன். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியது சம்பளம் பற்றி மட்டும்தான். அந்த ஒரு பதிலை நான்கு வருடக் கல்லூரியும் தராது, நான்கு மாத கோர்ஸும் தராது. தொழிற்சாலைக்குள் நின்று வேலை பார்த்தவனுக்குத்தான் அது வரும்.

சரி, இதிலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர். தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இடம் கிடைத்தால் உதவித்தொகையில் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. வீட்டிலிருந்து கொஞ்சம் போட வேண்டியும் வரலாம். சில இடங்களில் அப்ரண்டிஸைப் பேக்கிங்கில் நிறுத்தி வருடம் முழுக்க அட்டைப்பெட்டி ஒட்ட வைத்துவிடுகிறார்கள். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடக்கிறது. ஏற்கெனவே ஓராண்டு, அதற்கு மேல் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் இந்த வழி மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் சேரும் நாளில் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம்? யார் சொல்லித் தருவார்? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேரை எடுத்துக்கொண்டீர்கள்? நல்ல கம்பெனி முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

சேர்ந்த பிறகு ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து வரி: இன்றைக்கு எந்த மெஷின், என்ன பழுது, எத்தனை பீஸ் ரிஜெக்ட், ஏன், நான் என்ன செய்தேன். ரப்பர் புஷ் அளந்த அந்தத் தம்பி இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தான். எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. அவனுடைய ரெசுமேயை நான் அதற்குப் பிறகு திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாருக்கு இது சரி: பொறியியல், டிப்ளமோ முடித்து உற்பத்திப் பக்கம் போக விரும்புபவர்கள்; வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இடம் கிடைத்தவர்கள்; படித்து முடித்து அதிக நாள் ஆகாதவர்கள். வீட்டில் உடனே 15,000 ரூபாய் வந்தால்தான் அடுப்பு எரியும் என்கிற நிலைமை இருந்தால் இது சரிப்படாது. அவர்கள் கிடைத்த வேலையில் சேர்ந்துகொண்டு அடுத்து வரும் வழியைப் பார்க்கலாம்.

## சொந்தமாகச் செய்து காட்டும் வேலை

காசில்லாத பட்டதாரிக்கு இதைவிடப் பெரிய துருப்புச்சீட்டு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் மிகக் குறைவான பேர்தான் இதைச் செய்கிறார்கள்.

உங்களைச் சுற்றி இருக்கும் ஒரு சிறு தொழிலில், நிஜமான ஒரு சிக்கலை எடுத்து, ஆறு வாரத்துக்குள் தீர்த்துக் காட்டுவது. அவ்வளவுதான். மதுரையில் இதற்குப் பஞ்சமே இல்லை. விளக்குத்தூணில் ஜவுளிக்கடைகள், கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட், ஒவ்வொரு தெருவிலும் ஒரு ஒர்க் ஷாப். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர், "இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே ஐந்து வருடம் ஓட்டியிருப்பார்.

நான் பார்த்ததில் சிறந்தது, பி.எஸ்சி. கணிதம் படித்த ஒரு பெண் கொண்டுவந்தது. அவருடைய சித்தப்பா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மல்லிகை விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் விழும். எந்த விவசாயி எத்தனை கிலோ கொண்டுவந்தார், அன்றைக்கு என்ன விலை, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் துண்டுச் சீட்டில் இருந்தது. கணக்கு முடிக்கும் நாளில் சண்டை வரும். இந்தப் பெண் தினமும் விடியற்காலை நாலரைக்குச் சித்தப்பாவோடு போய், ஒரு மாதம் எல்லாவற்றையும் எழுதி, எக்ஸெல்லில் ஒரு கணக்கு அமைத்தார். பெயரைத் தட்டினால் நிலுவை வரும். கடைப் பையன் மொபைலிலேயே போடும்படி எளிமையாகச் செய்திருந்தார்.

இன்டர்வியூவில் நான் கேட்டது ஒரே கேள்வி: "எங்க தடுமாறினீங்கம்மா?"

"முதல்ல செஞ்சது யாருமே தொடல சார்" என்றார். "நான் பதினாலு கட்டம் வச்சிருந்தேன். ஈரக் கையோட இருக்கிறவங்க அதெல்லாம் போட மாட்டாங்க. அப்புறம் நாலு கட்டமாக் குறைச்சேன். பாதி விவசாயிகளுக்கு ஒரே பேரு. ஊர்ப் பேரைச் சேர்த்ததுக்கு அப்புறம்தான் சரியாச்சு." இருபது நிமிடம் பேசினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்டோர்ஸ் கணக்குக்கு அவரை எடுத்தோம்.

"எங்கே தடுமாறினாய்" என்பதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், கடைசி வருட புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி வருபவர்கள் அங்கேதான் நிற்பார்கள். புராஜெக்ட் சென்டரில் செய்து கொடுத்ததில் தடுமாற்றமே இருக்காது. எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக வந்ததாகச் சொல்வார்கள். என் அக்கா மகனும் இதையே வேறு விதமாகச் சொல்கிறான். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு பெரிய மென்பொருள் முழுவதும் ஒரே நாள் இரவில் ஏறியிருந்தால் அவன் அதைத் திறக்க மாட்டானாம். இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, தப்பும் திருத்தமுமாக வளர்ந்திருந்தால், சின்ன வேலையாக இருந்தாலும் வரி வரியாகப் பார்ப்பானாம்.

மறைந்திருக்கும் செலவுகள்: சம்பளம் வராது. "சும்மா கணக்கு எழுதிட்டுத் திரியிறா" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கடைக்காரர் உங்களை ஓசி ஆளாக வைத்துக்கொள்ளப் பார்க்கலாம். அதனால் முதல் நாளே, "ஆறு வாரம்ணே, இந்த ஒரு வேலை மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். வெளியே காட்டுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். வியாபாரக் கணக்கு அவருடைய ரகசியம். பெயரையும் தொகையையும் மாற்றிவிட்டுத்தான் மற்றவர்களிடம் காட்ட வேண்டும். இதை நீங்களாகவே என்னிடம் சொன்னால், உங்களை நம்பிக் கணக்கை ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, மேற்பார்க்க ஆள் இல்லாததால் பாதியில் விட்டுவிடுவது. பாதியில் நின்ற வேலையை ரெசுமேயில் எழுத முடியாது.

வீட்டில் இடமில்லை, சத்தம் என்பவர்களுக்கு மதுரையில் இப்போது ஒரு நல்ல வசதி இருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கலாம்; காசு கேட்க மாட்டார்கள்.

யாருக்கு இது சரி: கலை, அறிவியல், வணிகம் படித்தவர்களுக்கு முதல் தேர்வு இதுதான். மதிப்பெண் குறைந்தவர்கள், அரியரோடு போராடி முடித்தவர்கள், ஒன்றிரண்டு வருடம் இடைவெளி விழுந்தவர்கள் எல்லோருக்கும் இது மருந்து. "இந்த இடைவெளில என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும். கல்யாணமாகி, குழந்தை பெற்று, மீண்டும் வேலைக்கு வரும் பெண்களுக்கும் நான் இதையே சொல்கிறேன்.

## சிபாரிசு, முகாம், நேரில் போவது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இவை கதவைத் திறக்கும். உள்ளே போன பிறகு பேசுவதற்கு மேலே சொன்ன மூன்றில் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

சிபாரிசு தப்பில்லை. எங்கள் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர், "என் தெருப் பையன் சார், சொன்ன நேரத்துக்கு வருவான்" என்றால் நான் கட்டாயம் கூப்பிட்டுப் பேசுவேன். ஆனால் அவர் தன் பெயரை அடமானம் வைக்கிறார். நீங்கள் மூன்றாம் மாதம் சொல்லாமல் நின்றுவிட்டால், அடுத்து அவர் சொல்லும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. சொந்தக்காரர் மூலம் போனால் சம்பளம் பேசுவதும் கஷ்டம்.

முகாம்களைப் பொறுத்தவரை, புதூரில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் துறை முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. நூற்றுக்கணக்கான ரெசுமே குவியும் இடத்தில் உங்களுடையது நிற்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மேலிருந்து மூன்றாவது வரிக்குள் செய்து முடித்த ஒரு வேலை இருக்க வேண்டும். அப்பா பெயர், மதம், திருமண நிலை, "மேற்கண்டவை உண்மை" என்கிற உறுதிமொழி எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் உங்கள் மேற்பார்வையாளர் அல்லது கடைக்காரரின் பெயரையும் போன் நம்பரையும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

டெபாசிட், யூனிபார்ம் காசு, பதிவுக் கட்டணம் என்று வேலை தருவதற்கு முன் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது கன்சல்டன்சியாக இருந்தாலும் சரி, தெரிந்தவராக இருந்தாலும் சரி.

யாருக்கு இது சரி: கையில் சொல்ல ஒரு வேலை இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை என்பவர்களுக்கு.

## இரண்டைச் சேர்க்கலாமா

சேர்க்கலாம். எனக்குப் பிடித்த கூட்டணி இது: மே மாதம் தேர்வு முடிகிறது. ஜூன், ஜூலையில் ஒரு கடை வேலையைச் செய்து முடியுங்கள். அதே நேரத்தில் நாட்ஸில் பதிவு போட்டு வையுங்கள். அந்தக் கடை வேலை செய்யும்போதே உங்களுக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு இலவசப் பாடமோ, குறைந்த கட்டணக் கோர்ஸோ போதும். மொத்தமாக ஆறு மாத கோர்ஸில் உட்கார்ந்து, பாதி உங்களுக்குத் தேவைப்படாததைப் படிக்க வேண்டியதில்லை. ஆடி கழிந்து கம்பெனிகளுக்கு ரெசுமே அனுப்பும்போது கையில் இரண்டு விஷயம் இருக்கும்.

## உசிலம்பட்டித் தம்பி

அன்றைக்கு அப்பாவிடம் பேசிவிட்டு மகனைப் பார்த்து, "தம்பி, நீயா செஞ்சு முடிச்சது ஏதாவது இருக்கா? வீட்டு வேலையா இருந்தாலும் பரவாயில்ல" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றான். அப்பாதான், "மாமா தோட்டத்து மோட்டார் பண்ணியேடா" என்று எடுத்துக் கொடுத்தார்.

மோட்டாரும் பம்பும் தனித்தனியாக இருக்கும் பழைய செட். ஓடும்போது கடகடவென்று சத்தம். மெக்கானிக் மோட்டாரையே மாற்றச் சொல்லியிருக்கிறார். இவன் பிரித்துப் பார்த்தால் இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. மாற்றினான், ஒரு வாரத்தில் மறுபடியும் தேய்ந்துவிட்டது. "அப்புறம்தான் சார் யோசிச்சேன். ஸ்கேல் வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே நேர்ல இல்ல. மோட்டாருக்கு அடியில தகடு கொடுத்து நேராக்கினேன். இப்ப ஒரு வருஷமா ஓடுது."

நாங்கள் செய்யும் பொருளே அந்த மாதிரி புஷ்தான். தேய்ந்த பிறகு இரண்டாவது தடவை ஏன் என்று கேட்கத் தெரிந்த ஒரு பையனை நான் எத்தனை வருடமாகத் தேடியிருக்கிறேன்!

"இதை ரெசுமேல போட்டிருக்கியா?"

"இல்ல சார். இதெல்லாம் போடலாமா?"

என் மேஜையிலேயே ஒரு தாள் கொடுத்து எழுதச் சொன்னேன். நாலு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு தடவை அடித்துத் திருத்தினான். அதற்குள் அவன் அப்பா நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அப்ரண்டிஸ் கடிதத்தில் சேர வேண்டிய தேதியை என்னிடம் இன்னொரு முறை படித்துக் காட்டச் சொன்னார்.